எங்கள் கொல்லையில் பூக்கும் வெனிலா



இந்தப் பகுதியில் ரோஜா, அந்தூரியம், மாடித் தோட்டம் என்று எத்தனையோ சகோதரிகள் எழுதிப் படித்திருக்கிறேன். நான் எழுதப்போவது ஒரு ஆர்க்கிட் பற்றி. ஆர்க்கிட் என்றதும் கல்யாண மேடையில் ஊதாவும் வெள்ளையுமாகச் செருகி வைத்திருப்பார்களே, அதுதான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பதும் அந்த ஜாதிதான், ஆனால் ஆள் வேறு. விரல் பருமனில் பச்சைத் தண்டு, ஒரு சாண் நீளத்துக்குச் சதைப்பற்றான இலை, கணுவுக்குக் கணு வேர் விட்டு மரத்தைப் பிடித்து ஏறுகிற கொடி. காட்டில் விட்டால் 10, 15 மீட்டர் உயரத்துக்கும் போய்விடும். பெயரைச் சொன்னால் உங்கள் எல்லோருக்கும் தெரியும். வெனிலா. ஐஸ்கிரீம் வெனிலாவேதான்!

"எசன்ஸு கொடியிலயா காய்க்குது? சும்மா சொல்லாத" என்று பக்கத்து வீட்டு மதினி இன்னமும் நம்பவில்லை. பீன்ஸ் மாதிரி நீளமாகக் காய் காய்க்கும். அதைப் பக்குவம் செய்தால்தான் அந்த வாசனை வரும். ஆர்க்கிட் குடும்பத்தில் இருபதாயிரத்துக்கு மேல் வகை உண்டாம். அவ்வளவு பெரிய குடும்பத்தில், சாப்பாட்டு வாசனைக்காக உலகம் முழுக்கப் பயிர் செய்வது இதைத்தான்.

எங்கள் ஊர் கூடலூர். நீலகிரிக் கூடலூர் இல்லை, தேனி மாவட்டத்துக் கூடலூர். லோயர் கேம்ப்பில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கி வருகிறதே, அதற்குப் பக்கம். கம்பம் பள்ளத்தாக்கு என்றால் திராட்சை, வாழை, தென்னை, நெல். தலைக்கு மேலே மலை ஏறினால் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய், மிளகு. வெனிலாவுக்கு அந்த மலைச் சீதோஷ்ணம்தான் சரி. மழையும் ஈரக்காற்றும் பாதி நிழலும் வேண்டும். எங்கள் பக்கம் சித்திரை வெயிலில் அது வாழுமா என்று எல்லோரும் கேட்டார்கள். வாழ்கிறது. எப்படி என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் வீட்டில் இந்தக் கொடிக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும்.

வெனிலாவின் பிறந்த ஊர் மெக்சிகோ பக்கம். அங்கே இருக்கிற ஒரு வகைக் காட்டுத் தேனீதான் இதன் பூவைக் காயாக்கும் என்று சொல்கிறார்கள். வேறு நாடுகளுக்குக் கொண்டுபோய் நட்டபோது கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. பூவுக்குள்ளே ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவில் மெல்லிய தோல் மாதிரி ஒரு திரை இருக்கிறது. அதைத் தாண்டி மகரந்தம் தானாகப் போகாது. 1836ல் பெல்ஜியம் நாட்டில் சார்லஸ் மோரன் என்ற அறிஞர் கையாலேயே இரண்டையும் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் தோட்டத்தில் வேகமாகச் செய்கிற எளிய வழியைக் கண்டுபிடித்தது எட்மண்ட் என்ற 12 வயதுப் பையன். ரீயூனியன் தீவில் ஒரு தோட்டத்து அடிமை. 1841ல் ஒரு குச்சியும் கட்டைவிரலும் வைத்து அவன் செய்து காட்டியதைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள். 1848ல் அடிமைகளுக்கு விடுதலை வந்தபோது அல்பியஸ் என்ற பெயரும் சேர்ந்து கிடைத்தது. பணம் மட்டும் கிடைக்கவில்லை. 1880ல் வறுமையில்தான் இறந்தார். அந்தத் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கென்று நம் தமிழ் ஜனங்களையும் கப்பலில் கொண்டுபோனார்கள். அவர்கள் வம்சம் இன்றும் அங்கே இருக்கிறது. நம்மவர்கள் கையும் அந்தப் பூவைத் தொட்டிருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

என் அம்மா கை தொட்டது எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஒன்பதாவது படிக்கும்போது அம்மா வெனிலாத் தோட்டத்து வேலைக்குப் போனார். எங்கள் பகுதியில் விடிவதற்கு முன் ஜீப் வந்து நிற்கும். தூக்குச் சட்டியோடு பெண்கள் நெருக்கி ஏறி, குமுளி வழியாகவோ கம்பம் மெட்டு வழியாகவோ மலைக்குப் போவார்கள். ஏலக்காய் பறிப்பு எப்போதும் உள்ள வேலை. அந்த மூன்று நான்கு வருஷம் மட்டும் தை, மாசி, பங்குனியில் வெனிலா வேலையும் இருந்தது. அதிகாரிகள் அதை மகரந்தச் சேர்க்கை என்பார்கள். அம்மாவும் கூட்டாளிகளும் "பூ சேர்க்கிற வேலை" என்பார்கள். கை தேர்ந்தவர்கள் ஒரு நாளில் ஆயிரம் பூவுக்கு மேல் சேர்த்துவிடுவார்களாம். கனகாம்பரமும் பிச்சியும் கட்டிப் பழகின கைகளாயிற்றே!

அப்போது வெனிலா விலை எங்கேயோ போய்விட்டது. 2000ல் மடகாஸ்கர் தீவில் 'ஹூதா' என்ற புயல் அடித்தது. உலகத்துக்கு வெனிலா அனுப்புவதில் முதல் இடம் அந்தத் தீவுக்குத்தான். அங்கே கொடி போனதும் இங்கே விலை ஏறியது. 2003ல் கேரளத்தில் பச்சைக் காயே கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியது. திருட்டுக்குப் பயந்து தோட்டத்தில் நாய் கட்டி, ராத்திரி ஆள் படுத்துக் காவல் காத்தார்கள். அம்மாவுக்கு நாள் கூலி 100 ரூபாயைத் தொடவில்லை. ஒரு காய் கீழே விழுந்தாலும் கணக்குக் கொடுக்க வேண்டும்.

எங்கள் தாய்மாமாவுக்கு மலையில் கொஞ்சம் நிலம் இருந்தது. மிளகுக் கொடியை அறுத்துத் தள்ளிவிட்டு வெனிலா நட்டார். ஒரு மீட்டர் தண்டு நூறு ரூபாய் என்று வாங்கினார். மாமி கழுத்துச் சங்கிலியும் வளையலும் அடகுக்குப் போயின. நட்டுப் பூக்க மூன்று வருஷம் ஆகும். இவர் கொடி பூத்த நேரத்தில் மடகாஸ்கரிலும் இன்னும் பல நாடுகளிலும் காய் குவிந்து, 2004லிருந்து விலை கிடுகிடுவென்று விழுந்துவிட்டது. காயைப் பறிக்கிற கூலிகூடத் தேறவில்லை. கூடவே வேரழுகல். நகை மீளவே இல்லை. "பொன்னுன்னு சொல்லிக் குடுத்தாங்க, புல்லாப் போச்சு" என்று மாமி இன்றைக்கும் சொல்வார். நிறையப் பேர் கொடியை வெட்டித் தீயில் போட்டார்கள். மாமாவுக்கு வெட்ட மனசு வரவில்லை. அப்படியே விட்டுவிட்டுத் திரும்பவும் மிளகுக்குப் போய்விட்டார். ஒரே ஒரு கொடி மட்டும் கல்யாண முருங்கை மரத்தில் ஏறி, யாரும் பார்க்காமலே பிழைத்துக் கிடந்தது.

2020ல் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்து மாமா வீட்டுக்குப் போனபோது அந்தக் கொடியிலிருந்துதான் மூன்று துண்டு வாங்கி வந்தேன்.

இனி வளர்ப்பு. துண்டு ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் பூக்க வருஷக் கணக்கில் காத்திருக்கணும். வெட்டுகிறபோது வடிகிற சாறு தோலில் பட்டால் அரிக்கும், கையில் பழைய துணி சுற்றிக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டை உடனே நடக்கூடாது. நிழலில் ஒரு வாரம் போட்டு வைத்தால் வெட்டு வாய் காய்ந்து, துண்டும் லேசாக வாடும். அதுதான் நல்லது. அடியில் மூன்று நான்கு இலையைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணுக்களை மட்டும் மக்கின இலைக்குள் படுக்க வைத்து மூட வேண்டும். ஆழத்தில் புதைக்கக் கூடாது. வெட்டு முனை மண்ணுக்கு வெளியே லேசாகத் தெரிகிற மாதிரி விட்டால் அழுகாது. மீதியை மரத்தோடு வாழை நாரால் தளர்வாகக் கட்ட வேண்டும்.

எங்கள் கொல்லையில் இரண்டு தென்னை, அதற்கு நடுவில் கல்யாண முருங்கைக் கொம்பு மூன்று ஊன்றினேன். கொம்பு துளிர்த்து நிழலும் தரும், கொடியையும் தாங்கும். இந்தக் கொடிக்கு முழு வெயில் ஆகாது, இலை வெளுத்துக் கருகிவிடும். முழு நிழலும் ஆகாது, பூக்காது. பாதிக்குப் பாதி. மாசி முடிந்து வெயில் ஏறும்போது தென்னை நிழல் போதாமல் பச்சை நிழல்வலையை மேலே கட்டிவிடுகிறேன். காலையும் சாயங்காலமும் இலையிலும் தண்டிலும் தண்ணீர் தெளிப்பு. சுற்றிலும் பழைய சாக்கை நனைத்துத் தொங்கவிட்டால் அந்த இடமே குளுகுளுவென்று ஆகிவிடும். மத்தியானச் சமையல் முடிந்து நானே அங்கே போய் உட்கார்ந்துகொள்வது உண்டு! ஆடி மாசம் எங்கள் பள்ளத்தாக்குக் காற்று ஆளையே தள்ளும். அதற்குமுன் எல்லாக் கட்டையும் ஒரு தடவை பார்த்து இறுக்கிவிட வேண்டும்.

வேர் மேலாகவே ஓடும். ஆகவே கொத்தவே கூடாது. காய்ந்த இலை, தென்னை மஞ்சி, மக்கின சாணம் என்று மேலே மேலே போட்டு மூடிக்கொண்டே வர வேண்டியதுதான். மாதம் ஒரு தடவை சாணத்தைக் கரைத்து வடிகட்டி நீர்க்க ஊற்றுகிறேன். எதிரிகள் இரண்டு பேர். ஒன்று நத்தை, இளம் நுனியைத் தின்றுவிடும். ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டும். இன்னொன்று எங்கள் அத்தை வளர்க்கிற கோழிகள். மக்கின இலையைச் சீய்த்து வேரை வெளியே கொண்டுவந்துவிடும். "கோழி முக்கியமா, கொடி முக்கியமா?" என்று வீட்டில் பஞ்சாயத்தே நடந்தது. கடைசியில் பழைய கொசுவலையை வளைத்துக் கட்டினோம். தண்டில் எங்காவது பழுப்பாகக் கொழகொழவென்று ஆனால் அழுகல் என்று அர்த்தம். பார்த்த அன்றைக்கே அதற்கு மேலே நல்ல பாகத்தில் வெட்டி எடுத்து வேறு இடத்தில் நட்டுவிட வேண்டும். கத்தியைக் கழுவித் துடைக்காமல் அடுத்த கொடியைத் தொடாதீர்கள்.

கொடி ஆள் உயரம் வந்ததும் மேலே விடாமல் மடித்துத் தொங்கவிட வேண்டும். கீழே தொங்குகிற பாகத்தில்தான் பூங்கொத்து வரும். கைக்கு எட்டவும் வேண்டுமே. ஆனி, ஆடியில் நுனியை நாலு விரற்கடை கிள்ளிவிட்டால் தையில் மொட்டு வைக்கும். மார்கழியில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக் காயப்போட வேண்டும் என்பது மாமா சொன்ன யோசனை.

எங்கள் கொடி முதலில் பூத்தது 2023 தை மாசம். பூ அழகு என்று பெரிதாகச் சொல்ல முடியாது. வெளிர் பச்சையும் மஞ்சளுமாக, மெழுகில் செய்தது மாதிரி இருக்கும். ஒரு கொத்தில் 15, 20 மொட்டு. ஒரு நாளைக்கு ஒன்றுதான் விரியும், எப்போதாவது இரண்டு. விடியற்காலையில் விரிந்தால் மத்தியானத்தில் வாடிப்போகும். அதற்குள் சேர்த்தால் உண்டு, இல்லாவிட்டால் மறுநாள் உதிர்ந்து கிடக்கும். தோழிகளே, காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை நமக்கு எப்படிப்பட்ட நேரம்! குழந்தைகளுக்கு டிபன் கட்ட வேண்டும், அவருக்கு மத்தியானச் சோறு கட்ட வேண்டும், குழாயில் தண்ணீர் வரும், பால்காரர் வருவார். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் இந்தப் பூவும் விரியும்.

அம்மாவை வரவழைத்தேன். அம்மாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. "வருமான்னு தெரியலையே, இருபது வருசமாச்சே" என்று சொல்லிக்கொண்டே தென்னை ஈர்க்குச்சி ஒன்றைப் பல்குச்சி அளவுக்குச் சீவினார். இடது கையில் பூவைப் பிடித்தார். குழல் மாதிரி இருக்கிற உதட்டு இதழைக் குச்சியால் கீழே தள்ளினார். உள்ளே இருந்த அந்தத் திரையை அதே குச்சி முனையால் மேலே தூக்கி, கட்டைவிரலால் மகரந்தக் கட்டியை லேசாக ஒரு தொடு. அவ்வளவுதான். ஐந்தாறு விநாடிகூட ஆகியிருக்காது. கண் பார்க்கவே இல்லை, விரல்தான் பார்த்தது.

எனக்கு வரப் பத்து நாள் ஆயிற்று. "அமுக்காதடி, தொடு. பொட்டு வைக்கிற மாதிரி" என்பார். சேர்ந்ததா இல்லையா என்று மறுநாள் தெரிந்துவிடும். சேர்ந்த பூ காய்ந்தாலும் காம்பு நுனியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சேராதது விழுந்துவிடும். எல்லாப் பூவையும் சேர்க்கக் கூடாது என்பதும் அம்மா சொன்னதுதான். ஒரு கொத்துக்கு எட்டு, பத்து போதும். அதற்கு மேல் விட்டால் காய் குச்சியாகிவிடும், கொடியும் இளைத்துவிடும். தோட்டத்தில் இப்படியெல்லாம் முடிவெடுக்க அம்மாவை விட்டார்களா என்று கேட்டேன். "மேஸ்திரி சொல்லுவாரு. ஆனா எது புடிக்கும், எது புடிக்காதுன்னு எங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

2023ல் 40 பூ சேர்த்ததில் 34 காய் நின்றது. ஒன்றரை மாதத்தில் ஒரு சாண் நீளம் வந்துவிட்டது. ஆகா, பறித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் முற்ற ஒன்பது, பத்து மாதம் ஆகும். நுனி மஞ்சளாகும்போது ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும். விட்டால் வெடித்துவிடும். கார்த்திகையில் பறித்தோம். பச்சைக் காயை மோந்தால் புல் வாசனைதான். ஒன்றுமே இருக்காது.

வாசனை வருவது பக்குவத்தில். தண்ணீரைக் கொதிக்கவிடாமல் 63லிருந்து 65 டிகிரிச் சூட்டில் வைத்து, காயை மூன்று நிமிஷம் முக்கி எடுக்க வேண்டும். இதற்கென்று வெப்பமானி ஒன்று வாங்கினேன். கண்திட்டத்தில் செய்தால் காய் வெந்துவிடும். எடுத்த சூட்டோடு கம்பளியில் சுற்றி மரப்பெட்டியில் ராத்திரி முழுக்க வைத்தால் மறுநாள் காய் கருஞ்சாக்லேட் நிறத்துக்கு வந்திருக்கும். அப்புறம் பத்து நாள், தினம் கொஞ்ச நேரம் வெயிலில் காயவைத்து, சூட்டோடு சுற்றி வைக்க வேண்டும். வடகம், வத்தல் போட்டுப் பழகினவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. பிறகு நிழலில் மூன்று நான்கு வாரம் உலர்த்தல். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைகிற பதம் வந்ததும் வெண்ணெய்த்தாளில் சுற்றி டப்பாவில் போட்டு இரண்டு, மூன்று மாதம் மூடி வைக்க வேண்டும். வாரம் ஒரு தடவை திறந்து, பூசணம் பிடித்தது இருந்தால் எடுத்துவிடணும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் போட்டால் ஒரு கிலோதான் தேறும். எங்களுக்கு அரைக் கிலோ காய்க்கு 100 கிராம்கூட முழுசாகத் தேறவில்லை.

2024 பங்குனியில் அந்த டப்பாவைத் திறந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தார். ஒரு காயை எடுத்து மூக்கில் வைத்தார். வைத்தபடியே ரொம்ப நேரம் இருந்தார். "இதுக்குத்தானா அந்தப் பாடு?" என்று கேட்டார். மலையில் அவர் சேர்த்ததெல்லாம் பூ. காயை அவர் பறித்ததே குறைவு. பறித்த பச்சைக் காயும் வண்டி ஏறிப் போய்விடும். எத்தனை ஆயிரம் பூவைத் தொட்டவர், வெனிலாவின் வாசனையை அன்றைக்குத்தான் முதல் தடவையாக மோந்தார்.

சமையலில் ஒரு காய் எவ்வளவோ வேலைக்கு வரும். நடுவில் கீறி, உள்ளே இருக்கும் எள்ளைவிடச் சின்னக் கறுப்பு விதையைச் சுரண்டிப் பாலில் போட்டுக் காய்ச்சினால் கஸ்டர்டு, ஐஸ்கிரீம், கேக் எதற்கும் ஆகும். கடையில் சின்னப் பாட்டிலில் வாங்குகிற எசன்ஸ் பெரும்பாலும் இந்தக் காயிலிருந்து வருவதில்லை. அந்த வாசனைச் சரக்கை 1874லேயே ஜெர்மனியில் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். அதனால்தான் அவ்வளவு மலிவு. அதைக் கெடுதல் என்று நான் சொல்லவில்லை, பிறந்த நாள் கேக்குக்கு நானும் அதைத்தான் ஊற்றியிருக்கிறேன். பால் பாயசத்தில் வெனிலா போட்டபோது மட்டும் அத்தைக்குப் பிடிக்கவில்லை. "ஏலக்கா காய்க்கிற மலைக்கு அடியில இருந்துக்கிட்டு இது என்னத்துக்கு?" என்றார். பாயசத்தைப் பொறுத்தவரை என் கட்சியும் அதுதான்.

கொல்லை இல்லாதவர்கள் பெரிய தொட்டியில், தேங்காய் மட்டைத் துண்டும் செங்கல் சில்லும் மக்கின இலையும் கலந்து போட்டு, கயிறு சுற்றின கம்பு ஊன்றி வளர்க்கலாம். இலை அழகுக்கே வைக்கலாம். பூக்கக் கொடி பல மீட்டர் நீள வேண்டும், அதற்குத் தொட்டியில் பொறுமை ரொம்ப வேண்டும்.

விற்கலாமா என்று கேட்பீர்கள். 2017ல் மடகாஸ்கரில் 'எனாவோ' புயல் அடித்தபோது விலை திரும்பவும் வானத்துக்கு ஏறியது. எங்கள் பக்கம் மறுபடி தண்டு கேட்டு ஆள் வந்தார்கள். 2023ல் அந்த நாட்டு அரசு ஏற்றுமதிக்கு வைத்திருந்த குறைந்தபட்ச விலையை எடுத்துவிட, விலை திரும்பவும் விழுந்தது. ஏதோ ஒரு கடலுக்கு அப்பால் காற்றடித்தால் ஏறுகிற விலை இது. கைமாற்று வாங்கியோ நகையை வைத்தோ இதில் இறங்காதீர்கள். வீட்டுக்காரர் இறங்குகிறேன் என்றால் எங்கள் மாமியை ஒரு நடை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கொல்லையில் நாலு கொடி என்றால் தாராளமாக நடுங்கள். நடுவதற்கு ஆவணி, புரட்டாசி நல்ல மாசம். பெருமழையில் நட்டால் அழுகும். 2025 தையில் எங்களுக்கு ஏழு கொத்து வந்தது. என் பெண் எட்டாவது படிக்கிறாள். ஸ்கூல் பஸ் வருவதற்குள் இரண்டு பூவாவது தான்தான் சேர்ப்பேன் என்று யூனிபாரத்தோடு கொல்லைக்கு ஓடுகிறாள். ஈர்க்குச்சி சீவிக் கொடுப்பது அம்மா.

- ஒரு வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்.